பழைய ஃப்ளை ரீலை எதுவரை மாற்றலாம்: மெடலிஸ்ட் 1494, ஹார்டி லைட்வெயிட் பற்றிய ஒரு பதில்

நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில், பீவர்கில் ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்கத் தொடங்கியிருக்கும் நீங்கள், ஒரு வீட்டுப் பொருள் விற்பனையில் வாங்கிய இரண்டு பழைய ஃப்ளை ரீல்களைப் (தூண்டில் கழியில் பொருத்தி, லைன் எனப்படும் தூண்டில் நூலைச் சுற்றி வைக்கும் கருவிகள்) பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒன்று ஃப்ளூகர் நிறுவனத்தின் மெடலிஸ்ட் 1494. மற்றொன்று ஹார்டியின் எல்.ஆர்.ஹெச். லைட்வெயிட். இரண்டும் வலக்கையால் சுற்றும்படி அமைந்திருக்கின்றன. அவற்றை இடக்கைக்கு மாற்றலாமா, பிரேக்கை இன்னும் வலுவாக்கலாமா, தேய்ந்த மேற்பூச்சை எடுத்துவிட்டுப் பளபளவென்று மெருகேற்றலாமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள். முதல் கேள்விக்கு விடை, தாராளமாக மாற்றலாம் என்பது. பிரேக்கை வலுவாக்கும் தேவை பெரும்பாலும் இராது. மெருகேற்றும் எண்ணத்தை மட்டும் அடியோடு கைவிட்டுவிடுங்கள். இதற்கான காரணங்கள் அந்த ரீல்கள் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டன என்பதில்தான் இருக்கின்றன. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஃப்ளை ஃபிஷிங்கில் தூண்டிலை வீசுவதில் ரீலுக்குப் பங்கில்லை. இறகும் நூலும் கொண்டு கட்டிய ஃப்ளைக்கு எடை என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது. கனமான ஃப்ளை லைன்தான் தன் எடையால் அதை இழுத்துச் செல்கிறது. அந்த லைனை வீசுபவர் கையாலேயே ரீலிலிருந்து உருவி எடுக்கிறார், கையாலேயே திரும்ப இழுத்துக்கொள்கிறார். எனவே லைனைச் சிக்கின்றி வைத்திருப்பது, கழியின் அடிப்பக்கத்துக்கு ஏற்ற எடை கொடுப்பது, மீன் ஓடும்போது லைனைத் தடையின்றி, அதே சமயம் கட்டுமீறிச் சுழலாமல் விடுவது ஆகிய மூன்றைத் தவிர ரீலிடம் அந்தக் காலத்தினர் வேறெதையும் எதிர்பார்க்கவில்லை.

பழைய ரீல்களின் வடிவத்தைத் தீர்மானித்த இன்னொன்று பட்டு லைன். அது தண்ணீரை உறிஞ்சும். ஈரத்தோடு சுற்றி வைத்தால் மக்கிப்போகும். 1874ஆம் ஆண்டு மே மாதம் வெர்மான்ட் மாநிலத்தின் சார்லஸ் எஃப். ஆர்விஸ் காப்புரிமை பெற்ற ரீலின் பக்கத் தகடுகள் முழுவதும் துளையிடப்பட்டிருந்தன. லைனில் காற்றுப் படுவதற்காகவும் எடையைக் குறைப்பதற்காகவும் செய்த ஏற்பாடு அது. அகலம் குறைந்த, துளைகள் கொண்ட, நிமிர்ந்து நிற்கும் அந்த ஸ்பூல் (லைன் சுற்றப்படும் உருளை) வடிவம்தான் பின்னால் வந்த அமெரிக்க ஃப்ளை ரீல்களுக்கு முன்மாதிரி. இங்கிலாந்தின் வடகோடியில் அன்னிக் என்ற சிறுநகரத்தில் 1872இல் தொழில் தொடங்கிய ஹார்டி குடும்பத்தினர், பந்துத் தாங்கிகள் கொண்ட பெர்ஃபெக்ட் என்ற ரீலை 1890களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். உங்களிடம் உள்ள லைட்வெயிட் வரிசை 1936இல் வந்தது. எல்.ஆர்.ஹெச். என்பவை அக்குடும்பத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ராபர்ட் ஹார்டியின் பெயரெழுத்துகள். அதன் விட்டம் 3 அங்குலமும் அதற்கு மேல் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கும். அதாவது 81 மில்லிமீட்டர்.

மெடலிஸ்ட்டின் கதை வேறு. ஓஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரில் எண்டர்பிரைஸ் மேனுஃபாக்சரிங் என்ற தொழிற்சாலையில், ஃப்ளூகர் குடும்பத்தினர் 1930 வாக்கிலிருந்து அதைப் பெரும் எண்ணிக்கையில் செய்து மலிவாக விற்றனர். 1492, 1494, 1495, 1498 என்று எண் ஏற ஏற விட்டமும் கூடும்; எண்ணுக்குப் பின்னால் அரை என்ற குறி இருந்தால் அதே விட்டத்தில் அகலமான ஸ்பூல் என்று பொருள். உங்கள் 1494இன் விட்டம் 3¼ அங்குலம். 1966இல் ஷேக்ஸ்பியர் நிறுவனம் ஃப்ளூகரை வாங்கியது. பின்னர் தயாரிப்பு அக்ரனை விட்டு நீங்கியது. பின்தகட்டில் அக்ரன் என்ற பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைச் சற்றுக் கூடுதல் கவனத்தோடு கையாளுங்கள். ஆனால் அஞ்ச வேண்டாம். இவை ஏராளமாகச் செய்யப்பட்டவை. நூறு ஆற்றங்கரைகளில் கல்லில் மோதியும் மணலில் புதைந்தும் உழைத்த ரீல்கள் இவை. உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஹார்டியின் நிலை அப்படியல்ல. ஆகையால் ஒரே கேள்விக்கு உங்கள் இரண்டு ரீல்களுக்கும் இருவேறு விடைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பிரேக்கைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். பழைய ரீலை வாங்கியவர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். ஹார்டியின் ஸ்பூலைக் கழற்றிப் பார்த்தால் பிரேக் என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. ஸ்பூலின் பின்புறத்தில் ஒரு சிறு பற்சக்கரம். சட்டகத்தில் முக்கோண வடிவில் ஓர் எஃகு நாக்கு. அந்த நாக்கைப் பல்லோடு அழுத்திப் பிடிக்கும் ஒரு வளைந்த ஸ்பிரிங். ஸ்பூல் சுழலும்போது நாக்கு ஒவ்வொரு பல்லாக ஏறி இறங்குகிறது. நாம் கேட்கும் கிர்ரென்ற ஒலி அதுதான். பின்தகட்டின் ஓரத்தில் உள்ள குமிழைத் திருகினால் ஸ்பிரிங்கின் அழுத்தம் சற்றுக் கூடும் அல்லது குறையும். அந்த ஏற்பாடு மீனை நிறுத்துவதற்காக வைக்கப்பட்டதன்று. மீன் வேகமாக ஓடிச் சட்டென்று நிற்கும்போது ஸ்பூல் மட்டும் தொடர்ந்து சுழன்று, உள்ளே லைன் தளர்ந்து சிக்கிக்கொள்ளாமல் தடுப்பதற்காக வைக்கப்பட்டது. மீனை நிறுத்துவது உங்கள் கை.

இதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. பீவர்கில்லில் உலர் ஃப்ளை (நீரின் மேல் மிதக்கும் ஃப்ளை) கட்டி வீசும்போது நீங்கள் பயன்படுத்தும் டிப்பெட், அதாவது ஃப்ளையைக் கட்டும் மெல்லிய கடைசி இழை, பெரும்பாலும் 5எக்ஸ் என்ற அளவு. அதன் தடிமன் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர். அத்தனை மெல்லிய இழையின் நுனியில் நிற்கும் மீனுக்கு வலுவான பிரேக் தேவைப்படாது. தேவைப்படுவது, முதல் நொடியில் ஸ்பூல் எந்தத் தயக்கமும் இன்றி நகரத் தொடங்குவது. அழுக்கேறிய, அல்லது அளவுக்கு மீறி இறுக்கிய தட்டுப் பிரேக்கில் அந்த முதல் அசைவுக்குத் தேவைப்படும் விசை, தொடர்ந்து சுழல்வதற்குத் தேவைப்படும் விசையைவிடக் கூடுதலாக இருக்கும். மெல்லிய டிப்பெட் அறுவது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான். நாக்கும் பல்லும் கொண்ட ஏற்பாட்டில் இந்தத் தயக்கம் மிகவும் குறைவு.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். ஸ்பூல் நிரம்பியிருக்கும்போது லைன் சுற்றின் விட்டம் 70 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் லைன் உள்ளே வரும். மீன் லைனை இழுத்துச் சென்று சுற்றின் விட்டம் 35 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டால், அதே ஒரு சுற்றுக்கு 11 சென்டிமீட்டர்தான் வரும். அதே சமயம் பிரேக் மாறாமல் இருந்தாலும் லைனில் உணரப்படும் இழுவிசை இரட்டிப்பாகிவிடும், ஏனெனில் இழுக்கும் ஆரம் பாதியாகிவிட்டது. மீன் தொலைவில் இருக்கும்போது, லைன் முழுவதும் ஆற்றோட்டத்தில் கிடந்து தானே ஒரு சுமையாக இருக்கும் அந்த நேரத்தில்தான் நடுத்தண்டு மெலிந்த பழைய சிறுதண்டு ஸ்பூல் மிக அதிகமாக இழுத்துப் பிடிக்கும். வலுவான பிரேக்கைப் பொருத்துவது இந்தக் கேட்டை மேலும் பெரிதாக்கும். குமிழைத் தளர்வாக வைத்துவிட்டு, மீதியைக் கையால் சேர்ப்பதே முறை.

கையால் சேர்ப்பது எப்படி என்பதை இரண்டு ரீல்களுக்கும் தனித்தனியே சொல்ல வேண்டும். இரண்டிலுமே ஸ்பூலின் விளிம்பு சட்டகத்தின் வளையத்துக்கு உள்ளே அடங்கியிருக்கிறது. இக்காலத்து ரீல்களைப்போல உள்ளங்கையை விளிம்பில் வைத்து அழுத்த முடியாது. மாறாக, சட்டகத்தின் தூண்களுக்கு இடையே சுட்டுவிரல் நுனியையோ நடுவிரல் நுனியையோ விட்டு, சுற்றியிருக்கும் லைனின்மீதே மெதுவாக வைக்கலாம். கழியைப் பிடித்திருக்கும் கையின் சுட்டுவிரலால் லைனைக் கார்க் பிடியோடு சேர்த்து அழுத்துவது இன்னொரு வழி. சிறு மீன்களுக்கு நான் பெரும்பாலும் இதையே செய்கிறேன். மீன் ஓடும்போது கைப்பிடியிலிருந்து விரல்களை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். பின்னோக்கிச் சுழலும் கைப்பிடி விரல் மூட்டில் அடித்தால் வலி எளிதில் மறக்காது.

இப்போது இடக்கை மாற்றத்துக்கு வருகிறேன். வலக்கையால் வீசிவிட்டு, மீன் மாட்டியதும் கழியை இடக்கைக்கு மாற்றி வலக்கையால் சுற்றுவது அக்காலத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பரவலாக இருந்த வழக்கம். ஆகவே பழைய ரீல்களில் மிகுதியானவை வலக்கை ரீல்களாகவே கிடைக்கின்றன. உங்களுக்கு இடக்கையால் சுற்றுவது பழகிவிட்டது என்றால் மாற்றிக்கொள்வதில் தவறே இல்லை. இரண்டு ரீல்களிலும் எதையும் அறுக்காமல், துளைக்காமல் இதைச் செய்ய முடியும்.

ஹார்டியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிறிய நிறத் துணி ஒன்றை விரித்து, அதன்மேல் வைத்து ஸ்பூலைக் கழற்றுங்கள். உள்ளே பல ஆண்டு கிரீஸ் கறுத்துத் தார்போலப் படிந்திருக்கும். அதைக் காதுகுடையும் பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுத்த பிறகுதான் அமைப்புத் தெரியும். லைட்வெயிட் ரீல்கள் பலவற்றில் இரண்டு நாக்குகள் எதிரெதிராக இருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் பல்லைத் தொடும்படி இருக்கும். மற்றது திருப்பி வைக்கப்பட்டு ஓய்வில் இருக்கும். வேலை செய்யும் நாக்கை விலக்கி, ஓய்வில் இருப்பதைப் பல்லின் பக்கம் திருப்பினால், லைன் வெளியேறும் திசையில் அழுத்தம் கூடுதலாகவும் சுற்றும் திசையில் குறைவாகவும் இருக்கும் அமைப்பு இடக்கைக்கு ஏற்ப மாறிவிடும். ஸ்பிரிங்கைக் குறட்டால் பிடிக்காதீர்கள். மரக் குச்சியின் நுனியால் ஸ்பிரிங்கைச் சற்றே விலக்கி, மறு கையால் நாக்கைத் தூக்கித் திருப்புங்கள். அந்த ஸ்பிரிங் உடைந்தால் ரீல் முடமாகிவிடும். மாற்று ஸ்பிரிங் கிடைக்காமலில்லை, ஆனால் சரியானதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

நாக்கை வெளியே எடுத்திருக்கும் இந்த வாய்ப்பில் அதன் முனையை ஓர் உருப்பெருக்கியால் பாருங்கள். புதிய நாக்கின் முனை கூராக, இரு பக்கமும் நேர்க்கோடாக இருக்கும். நெடுங்காலம் உழைத்த நாக்கில் ஒரு பக்கம் மட்டும் மழுங்கி, சிறு பள்ளம்போல் குழிந்திருக்கும். ஸ்பூலை வேகமாகச் சுழற்றும்போது ஒலி சீராக வராமல் இடையிடையே தாவுவதாகத் தோன்றினால் காரணம் பெரும்பாலும் அதுதான். இடக்கைக்கு மாற்றும்போது இதுவரை உழைக்காத நாக்கு வேலைக்கு வருவதால் பல ரீல்களில் இந்தக் குறை தானாகவே நீங்கிவிடுகிறது. மழுங்கிய நாக்கை அரத்தால் ராவிக் கூராக்க முயல வேண்டாம். நீளம் குறைந்தால் பல்லோடு பொருந்தும் இடம் மாறிவிடும், எஃகின் கடினமான மேற்பரப்பும் போய்விடும்.

மெடலிஸ்ட்டில் அமைப்பு வேறு. அதன் ஸ்பூலின் உட்புறத்தில் ஒருவழி நாக்கு ஒன்று இருக்கிறது. லைன் வெளியேறும்போது அது சட்டகத்தின் நடுவே உள்ள பல்வட்டைப் பற்றிக்கொண்டு அதையும் சேர்த்துச் சுழற்றும்; பின்தகட்டுக் குமிழைத் திருகும்போது அந்த வட்டின்மீதுதான் பிரேக் அழுத்துகிறது. சுற்றும் திசையில் நாக்கு வழுக்கிச் செல்வதால் பிரேக் குறுக்கிடாது. அந்த நாக்கைக் கழற்றிப் புரட்டிப் பொருத்தினால் பிரேக் எதிர்த் திசையில் வேலை செய்யத் தொடங்கும். ஆனால் அத்துடன் வேலை முடியாது. ரீலைக் கழியில் திருப்பிப் பொருத்தும்போது முன்பக்கம் இருந்த லைன் கார்டு பின்பக்கம் போய்விடும். லைன் சட்டகத்தின் ஓரத்தில் உரசித் தேயாமல் காப்பது அந்த லைன் கார்டு. அதைத் தூண்களின் திருகுகளைக் கழற்றி எதிர்ப்புறத்துக்கு மாற்ற வேண்டும். பலர் நாக்கைப் புரட்டிவிட்டு இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். சில பருவங்களுக்குப் பிறகு லைனின் மேலுறை சொரசொரப்பாகிவிட்டதென்று லைனைச் செய்தவர்களைக் குறை சொல்வார்கள்.

திருகுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிளவின் அகலத்துக்கும் தடிமனுக்கும் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் எந்தப் பழைய ரீலையும் தொடாதீர்கள்; துப்பாக்கி பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்தும் இணையான விளிம்பு கொண்ட முனைகள் இதற்கு மிகவும் ஏற்றவை. அசையாத திருகில் ஒரு துளி ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரவு வைத்திருந்து மறுநாள் முயலுங்கள். பழைய பிரிட்டிஷ் ரீல்களின் திருகுகள் இன்றைய மெட்ரிக் அளவில் இல்லை. தொலைந்த திருகுக்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்ததை முறுக்கி ஏற்றினால் அலுமினியச் சட்டகத்தின் புரி அழிந்துவிடும்.

மெடலிஸ்ட்டை விரும்பியபடி மாற்றிக்கொள்வது அமெரிக்காவில் நெடுநாளாக உள்ள பழக்கம்; அதற்கென்றே பாகங்கள் செய்து விற்றவர்களும் இருந்தார்கள். அவற்றில் எது பயன் தருவது, எது வெறும் அலங்காரம் என்று என் கருத்தைச் சொல்கிறேன். மிகப் பயனுள்ளது, விளிம்பு வெளியே தெரியும் மாற்று ஸ்பூல். அது சட்டக வளையத்தைத் தாண்டி வெளியே வந்து மடிந்து நிற்பதால் உள்ளங்கையால் அழுத்தித் தடுக்க முடிகிறது. இதே பயனுக்காகச் சட்டகத்தின் முன்வளையத்தை லேத்தில் கடைந்து குறைப்பவர்களும் உண்டு. நன்றாகச் செய்யத் தெரிந்தவர் கையில் அது அழகாகவே அமையும். ஆயினும் தூண்களின் முன்முனைகளை இணைத்துப் பிடிப்பது அந்த வளையம்தான். அதை மெலிதாக்கினால் ஒரு முறை கீழே விழுந்ததும் சட்டகம் வளைந்து ஸ்பூல் உரசத் தொடங்கலாம். மாற்று ஸ்பூலைப் பொருத்தினால் பழைய ஸ்பூல் அப்படியே உங்களிடம் இருக்கும். ஆகையால் நான் அதையே பரிந்துரைப்பேன்.

அடுத்தது எதிரெடை. கைப்பிடி ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் பெரிய மீன் வேகமாக ஓடும்போது ஸ்பூல் அதிர்கிறது. கைப்பிடிக்கு நேரெதிரே சிறு உலோகக் குமிழ் ஒன்றைப் பொருத்தினால் அதிர்வு அடங்கும். ஆனால் 1494 அளவில், பீவர்கில் ட்ரவுட்டுக்கு, இந்த வேறுபாட்டை நீங்கள் உணரப்போவதில்லை. 1498 ரீலோடு ஸ்டீல்ஹெட் (கடலுக்குச் சென்று திரும்பும் பெரிய ட்ரவுட்) அல்லது சால்மன் பிடிக்கப் போகிறவருக்கு அது பொருளுள்ள மாற்றம். பிரேக்கின் உராய்வுப் பரப்பை இக்காலப் பொருளால் மாற்றுவதும் அப்படியே; ஏற்கெனவே உள்ளதைத் துடைத்து, தேய்ந்திருந்தால் அதே வகைப் பாகத்தைப் போடுவதற்கு மேல் 1494க்கு எதுவும் தேவையில்லை. உண்மையிலேயே கடுமையான பிரேக் வேண்டியிருக்கும் மீனைத் தேடிப் போகிறீர்கள் என்றால், முழுவதும் மூடிய தட்டுப் பிரேக் கொண்ட புதிய ரீல் ஒன்றை வாங்குவதே பொருத்தம். பின்தகட்டில் துளையிட்டு எடையைக் குறைக்கும் வேலையை விட்டுவிடுங்கள். அந்தத் துளைகள் வழியாக மணல் நேராகப் பிரேக்குக்குள் போகும்.

ஹார்டியில் இவற்றில் எதையும் செய்யாதீர்கள். நாக்கைத் திருப்புவது, தேய்ந்த ஸ்பிரிங்கை அதே அளவிலான புதியதால் மாற்றுவது, கூடுதலாக ஒரு ஸ்பூல் வாங்கி வேறு லைன் ஏற்றுவது ஆகிய அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். இவை எல்லாம் அரை மணி நேரத்தில் பழையபடி மாற்றத்தக்கவை. கழற்றிய பாகங்களை ஒரு சிறு உறையில் போட்டு, எந்த ரீலின் எந்தப் பாகம் என்று எழுதி, ரீலின் பெட்டியிலேயே வையுங்கள்.

மேற்பூச்சைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இங்கே விடை சொல்லிவிடுகிறேன். லைட்வெயிட்டின் சாம்பல்நிற எனாமல் ஓரங்களில் உதிர்ந்து அலுமினியம் தெரிவது அது பயன்பட்டதன் அடையாளம். சேகரிப்பவர்கள் அதைப் பொறுத்துக்கொள்வார்கள், மெருகேற்றிய ஹார்டியைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். பூச்சு முழுவதையும் நீக்கிவிட்டால் அலுமினியம் ஈரத்தில் வெண்பொடியாகப் பூக்கத் தொடங்கும், பொறித்த எழுத்துகளின் விளிம்பும் மழுங்கும். வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, பழைய பல்துலக்கி ஆகிய மூன்றும் போதும். காரமான அடுப்படிச் சுத்திகரிப்பான்களில் ஊறவைத்தால் அலுமினியம் கறுத்துவிடும். எப்போதாவது கடின ரப்பர் பக்கத்தகடுகளோ கைப்பிடியோ கொண்ட இன்னும் பழைய ரீல் கைக்கு வந்தால், அதை வெந்நீரிலும் வெயிலிலும் காட்டாதீர்கள். கறுப்பு நிறம் மங்கி அழுக்குப் பழுப்பாகிவிடும். காய்ந்த பிறகு நடுத்தண்டில் ஒரே ஒரு துளி மெல்லிய எண்ணெய், பல்லிலும் நாக்கிலும் விரல் நுனியில் ஒட்டும் அளவு கிரீஸ் என்பதே கணக்கு. மிகையாக இட்டால் அது மணலைப் பிடித்து அரைக்கும் பசையாக மாறிவிடும். மெடலிஸ்ட்டின் பிரேக் பரப்பில் எண்ணெய் படவே கூடாது.

லைன் ஏற்றுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்த ரீல்கள் வடிவமைக்கப்பட்ட காலத்துப் பட்டு லைன் அதே எடைக்கு இன்றைய பிளாஸ்டிக் உறை லைனைவிட மெலிதானது. ஆகவே பழைய அட்டவணைகள் சொல்லும் கொள்ளளவை நம்ப முடியாது. ஹார்டியின் பெட்டியிலோ பழைய குறிப்பிலோ ஹெச்.டி.ஹெச். என்பது போன்ற எழுத்துகளைக் கண்டால், அவை லைனின் தடிமனைக் குறிப்பவை: ஹெச் என்பது 0.025 அங்குலம், டி என்பது 0.045 அங்குலம், இரு முனையும் மெலிந்து நடுவே தடித்த லைன் என்று பொருள். 1960களின் தொடக்கத்தில்தான் முதல் 30 அடியின் எடையை வைத்து எண் கொடுக்கும் முறை நிலைபெற்றது. அதன்படி 5ஆம் எண் லைன் 140 கிரெய்ன் (ஒரு பழைய ஆங்கில எடை அளவு), ஏறத்தாழ 9 கிராம். உங்கள் இரண்டு ரீல்களுக்கும் 5ஆம் எண் பொருந்தும். மெடலிஸ்ட்டில் 6ஆம் எண்ணையும் ஏற்றலாம்.

ஃப்ளை லைனுக்கு அடியில் ஸ்பூலில் சுற்றும் மெல்லிய நூலான பேக்கிங் எவ்வளவு என்று ஊகிப்பதைவிடத் தலைகீழாக ஏற்றிப் பார்ப்பது நல்லது. முதலில் ஃப்ளை லைனைச் சுற்றுங்கள். அதன்மேல் பேக்கிங்கைச் சுற்றிக்கொண்டே போய், சட்டகத் தூணுக்கும் சுற்றுக்கும் இடையே 6 மில்லிமீட்டர் மீதமிருக்கும்போது வெட்டுங்கள். பிறகு முழுவதையும் வேறொரு ஸ்பூலுக்கு மாற்றி, சரியான வரிசையில் திரும்ப ஏற்றுங்கள். மெல்லிய பேக்கிங்கைத் தேர்ந்தெடுத்து நடுத்தண்டை நன்றாக நிரப்பினால், மேலே சொன்ன சிறுதண்டுக் குறையும் பாதி தீர்ந்துவிடும். லைன் சுருள் சுருளாக வருவதும் அத்துடன் குறையும். அப்போதும் வந்தால், வீசத் தொடங்குமுன் பத்து மீட்டரை உருவி இரு கையாலும் மெதுவாக இழுத்து நீட்டிவிடுங்கள்.

கடைசியாக, ரீலின் பாதம், அதாவது கழியோடு பொருந்தும் அடிப்பகுதி. பழைய ரீல்களின் பாதங்கள் இன்றைய கழிகளின் ரீல் சீட்டில் (ரீலைப் பிடித்து வைக்கும் இடத்தில்) எப்போதும் பொருந்துவதில்லை. நீளமாகவோ தடிப்பாகவோ இருக்கும். பொருந்தவில்லை என்றதும் அரத்தை எடுத்துப் பாதத்தின் நுனியைத் தேய்ப்பதுதான் பழைய ரீல்களுக்கு மனிதர்கள் இழைத்த மிகப் பரவலான சேதம்; வாங்குபவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பதும் அதையே. கழற்ற முடியாத உறை கொண்ட சீட்டைவிட, இரு வளையங்கள் நகர்ந்து பிடிக்கும் எளிய சீட் பலவகைப் பாதங்களையும் ஏற்கும்; மூங்கில் கழி வைத்திருப்பவர்கள் அதையே விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். எட்டடிக் கழி ஒன்றில் ரீலைப் பொருத்தி, லைனையும் வளையங்கள் வழியாகக் கோத்துச் சில மீட்டர் வெளியே விட்டு, கார்க் பிடியின் முன்பகுதியில் ஒரு விரலைக் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். கழி ஏறத்தாழக் கிடையாக நின்றால் எடை பொருத்தம். நுனி தாழ்ந்தால் மெடலிஸ்ட்டையும், அடி தாழ்ந்தால் எடை குறைந்த ஹார்டியையும் அந்தக் கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.